சுவர் காயட்டும்

மட்டக்களப்பில் வயலை விற்பார்கள், மாட்டை விற்பார்கள், தோணியையும் வலையையும் விற்பார்கள். வீட்டை விற்பது எங்கள் பெத்தாவின் காலத்தில் வாய்விட்டுச் சொல்லாத காரியம். வீடு மகளுக்கு உரியது. வாவியின் கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், தமிழர் ஊரானாலும் காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊரானாலும், கலியாணப் பேச்சில் முதலில் வருவது வீடுதான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையே மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் ஒரு மூலையில் சிறிய வீடொன்றுக்கு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டுவார்கள். குடி என்கிற குலமும் தாய்வழி, வீடும் தாய்வழி. அக்கரைப்பற்றில் தங்கி இந்த வழக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது நூலில் படித்தறிந்த செய்தியல்ல. நாங்கள் பிறந்து வளர்ந்த ஒழுங்கே அதுதான்.

இந்த ஒழுங்கில் வீட்டின் வெளித்தோற்றத்துக்கென்று ஒரு பருவம் உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வருமுன் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். மகளுக்குக் கலியாணம் நிச்சயமானால் அந்த வேலை இரண்டு மடங்காகும். ஓட்டை இறக்கிச் சலாகை பார்ப்பார்கள், வேலி மாற்றுவார்கள், வாசலுக்கு வெள்ளை மணல் போடுவார்கள். பளிச்சென்று வெள்ளையடித்த வீட்டைத் தெருவில் கண்டால் யாருக்குக் கலியாணம் என்றுதான் ஊர் கேட்கும்.

எங்கள் வளவு கல்லடி உப்போடையில் இருக்கிறது. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். 1924இல் கட்டி, ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரை வைத்த பழைய கல்லடிப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் பள்ளிக்கூடம் போன தலைமுறை என்னுடையது. எனக்குக் கலியாணம் பேசியபோது வளவின் பின்பக்கம் புளொக் கல்லில் ஒரு வீடு கட்டித் தந்தார்கள். தெருவைப் பார்த்த பழைய வீட்டைத் தங்கச்சிக்கென்று வைத்துக்கொண்டு அம்மா அதிலேயே இருந்தார். கடைசி மகளோடு தன் காலம் கழியும் என்பது அவருடைய கணக்கு. தங்கச்சி கனடாவுக்குப் போனாள், அங்கேயே கலியாணம் முடித்தாள், பிள்ளைகளும் பிறந்தார்கள். அம்மாவுக்கு வயதாகி என் வீட்டுக்கு வந்தபின் பழைய வீடு பூட்டிக் கிடந்தது. ஸ்கார்பரோவில் வீடு வாங்கக் காசு தேவைப்படுகிறது, வீட்டை விற்கலாமா என்று 2016 தொடக்கத்தில் தங்கச்சி கேட்டாள். அம்மா இரண்டொரு நாள் பேசாமலிருந்தார். பிறகு, "அவளுக்குக் குடுத்த வீடு. அவளுக்கு உதவினாச் சரி" என்று சொன்னார்.

விற்பது என்று முடிவானதும் வீட்டை அந்நியரின் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கூரை மங்களூர் ஓடு. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் பாதிக்கு மேல் பறந்துபோய், அப்பா தேடிப் பொறுக்கித் திரும்ப வேய்ந்தது. மழைக்காலப் பாசி அதில் கறுப்பாக ஏறியிருந்தது. பீலி கறள் பிடித்துத் தொங்கியது. விறாந்தைக் குந்தின் விளிம்புகள் உடைந்திருந்தன. கேற்றின் ஒரு தூணில் போர்க்காலச் சன்னங்கள் துளைத்த குழிகள். எல்லாவற்றிலும் மோசம் முன்சுவர். நிலத்திலிருந்து மூன்றடிக்குச் சீமெந்துப் பூச்சு. அதற்கு மேலே பழைய சுண்ணாம்புச் சுவர் நெஞ்சளவு உயரத்தில் உப்புப் பூத்து, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. சுனாமிக்குப் பிறகு ஊரெங்கும் அப்படித்தான் சுவரின் அடிக்குச் சீமெந்து பூசினார்கள்.

தங்கச்சி வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். கனடாவில் வீடு விற்குமுன் செய்கிற வேலைகள்: புல் வெட்டுவது, முன்கதவுக்குப் புதிய நிறம் அடிப்பது, வாசலின் இருபக்கமும் பூச்சாடி வைப்பது, சன்னல் கண்ணாடியைத் துடைப்பது, வாசல் விளக்கை மாற்றுவது. அங்கே வாங்குபவர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். படத்தில் முகப்பு பிடிக்காவிட்டால் நேரில் வந்து பார்க்கவே மாட்டார்களாம். எங்கள் ஊர்த் தரகரும் தன் பாணியில் அதையே சொன்னார். "ஆக்கள் வந்து கடப்படியில நிண்டு பாக்கிற அந்த நேரத்திலதான் ரீச்சர் விலை. உள்ளுக்கு வந்த பிறகு குறைக்கத்தான் பாப்பாங்க." சுவருக்குப் புட்டி வைத்துத் தேய்த்து, நல்ல எமல்ஷன் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்தால் வீடு புதிதாகிவிடும், மாரிக்கு முன் விற்றுவிடலாம் என்பது அவருடைய யோசனை. பெயின்ற் கடையிலும் அதையே சொன்னார்கள்.

கடப்படியிலிருந்து வீட்டைப் பார்க்கிற முதல் பார்வைக்கு வலிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. படலையைத் திறந்து உள்ளே வருகிறவர் கூட்டிய முற்றத்தைக் கண்டால், இந்த வீட்டை யாரோ அன்பாகப் பார்த்து வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார். அந்த எண்ணம் பொய்யாக இருக்கக் கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை.

ஆரையம்பதியிலிருந்து ஒரு வயதான மேசனைக் கூட்டி வந்தோம். முன்பு சுண்ணாம்பு வேலை செய்து பழகிய கை. அவர் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சீமெந்துப் பூச்சு இருந்த இடத்தில் பொக்கென்று சத்தம் கேட்டது. "உள்ளுக்கு விட்டிட்டு ரீச்சர். மேல மட்டும்தான் நிக்கிது" என்றார். சாவியால் ஒரு மூலையைக் கிளப்பிக் காட்டினார். சீமெந்துக்குப் பின்னால் சுவர் கறுத்து ஈரமாக இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். அவர் கையால் காட்டியதை எனக்குள் பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். வாவி உவர்நீர். அதன் கரையில் நிலத்தடி ஈரத்திலும் உப்பு இருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் வேறு வந்து நின்று போனது. பழைய வீடுகளின் அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. சுவரின் நுண்துளைகள் வழியே தண்ணீர் மேலேறும்போது கரைந்த உப்பும் கூடவே ஏறும். தண்ணீர் காற்றில் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிப் பளிங்காகும். விதை முளைத்து மண்ணைத் தள்ளுவதுபோல அந்தப் பளிங்கு வளர்ந்து பூச்சைத் தள்ளும். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் சுவரெங்கும் வெளியேறிக் காய்ந்துவிடும். வருடத்துக்கொருமுறை வெள்ளையடித்தால் உதிர்ந்த இடம் சரியாகும். சீமெந்தால் அடியை மூடியதும் ஈரத்துக்கு வழியில்லாமல் போகிறது. அது இன்னும் மேலே ஏறி, சீமெந்து முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. நெஞ்சளவில் சுவர் உதிர்ந்ததன் காரணம் அதுதான். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் சுவர் முழுவதையும் மூடியதாகும். மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் பெயின்ற் கொப்பளித்து உரியும். அதற்குள் வீடு கைமாறியிருக்கும்.

தரகருக்கும் இது தெரியும். "விக்கிறமட்டும் நிண்டாக் காணும்" என்று வெளிப்படையாகவே சொன்னார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உலகில் வீடு விற்கும் தொழிலில் பலர் வாழ்கிற நியாயம் அது.

அன்றிரவு தொலைபேசியில் தங்கச்சி, அம்மா, நான் மூவரும் பேசினோம். பழைய பூச்சை உடைத்து, காயவிட்டு, திரும்பப் பூசினால் பல மாதம் எடுக்கும், செலவும் கூடும் என்று நான் விளக்கினேன். தங்கச்சிக்குக் காசு அவசரம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "இஞ்ச பாரு புள்ள. நீ இந்த வீட்டில கலியாணம் முடிச்சி இரிக்கப் போறா எண்டா, இப்பிடி மூடி மறைச்சிக் குடுப்பனா? வாங்கிறவங்களும் ஒரு பொம்புளப் புள்ளைக்குத்தான் வாங்கப் போறாங்க. முதல்ல செவர் காயட்டும். மறுகா பாப்பம்." தங்கச்சி அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

அம்மா சொன்னது ஊர் நடப்பு. இங்கே வீடு வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள். கட்டிக் கொடுக்க இடமில்லாதவர்களும், பள்ளிக்கூடமும் வேலையும் நகரப் பக்கம் என்பதால் மகளை அங்கே குடியிருத்த விரும்புகிறவர்களும் விலைக்கு வாங்குகிறார்கள். எங்களிடமிருந்து கைமாறினாலும் வீடு மறுபடி ஒரு மகளுக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் மகள்வழி அறுந்தாலும் வீட்டுக்கு அது அறுவதில்லை. இது விளங்கியபின் விற்பது எனக்கு முன்போல் வலிக்கவில்லை. யாரோ ஒரு தாய்க்குப் பதிலாக நாங்கள் இந்த வீட்டைத் திருத்துகிறோம் என்ற எண்ணம் வந்தது.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. உறுதி எழுதுவதுபற்றி விசாரிக்கப் போனபோது நொத்தாரிசு விளக்கினார். எங்கள் காணிச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் ஒல்லாந்துச் சட்டம். விற்பவர் தெரிந்துகொண்டே மறைத்த குறை பிறகு வெளிப்பட்டால், வாங்கியவர் விலைக்குறைப்பும் நட்டஈடும் கேட்கலாம். குறை பெரிதானால் விற்பனையையே இரத்துச் செய்யக் கேட்கலாம். நொத்தாரிசின் அலுவலகம் புளியந்தீவில் இருந்தது. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும் அங்கேதான் வாவிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாய்வழி வீட்டை ஒல்லாந்துச் சட்டத்தின்கீழ் விற்கிறோம். இரண்டும் ஒரே நேர்மையைக் கேட்கின்றன என்று அன்று எனக்குப் பட்டது.

மாசியில் வேலை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். மாசி பிறந்தால் வானம் வெளிக்கும். மேசன் சீமெந்துப் பூச்சு முழுவதையும் உடைத்தெடுத்தார். கற்களுக்கிடையே உழுத்த சாந்தைச் சுரண்டினார். சுவரைக் கழுவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். தும்புத்தூரிகையால் உலர்ந்தபடியே தட்டிக் கூட்டி, அந்தத் தூளை அள்ளி வளவுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் சுவர் மறுபடி வெள்ளையாகப் பூத்திருக்கும். மறுபடி தட்டுவோம். பங்குனி வெயிலிலும் சித்திரை வெயிலிலும் சுவர் திறந்து கிடந்தது. அதன் பிறகு கச்சான் வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றைக் கல்லடியில் யாரும் விரும்புவதில்லை. அந்த வருடம் நான் அதை விரும்பினேன். கறுத்த கல் ஒவ்வொன்றும் நிறம் வெளுத்து வந்ததைக் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன்.

விற்பதற்காக அழகுபடுத்தத் தொடங்கிய வீடு அந்த மாதங்களில் முன்பைவிட அவலட்சணமாக நின்றது. தெருவால் போனவர்கள் வீட்டை உடைக்கிறோம் என்று நினைத்தார்கள். தரகர் கூட்டி வந்த ஒருவர் கடப்படியைத் தாண்டாமலே கிறுகிப் போனார். சொந்தக்காரர் சிலர், பழைய வீட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு, வாங்குகிறவர்கள் காணிக்குத்தானே காசு தருவார்கள், ஒரு பேர்ச் இவ்வளவு என்றுதானே கணக்கு என்று புத்தி சொன்னார்கள். அம்மா பின்னேரங்களில் கதிரையைக் கொண்டுவரச் சொல்லி, பழைய வீட்டின் முற்றத்தில் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். வருவோர் போவோர் கேட்டால், "காயுது" என்று மட்டும் சொல்வார்.

சுவர் காய்கிற காலத்தில் மற்ற வேலைகள் நடந்தன. ஓடாவியார் வந்து கூரையில் ஏறினார். கறையான் தின்ற சலாகைகளை மாற்றினார். முகட்டு ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பப் பொருத்தினார். ஓடுகளை இறக்கித் தும்பால் தேய்த்துப் பாசி போக்கி, பழைய ஓட்டையே திரும்பப் போட்டோம். புதிய பீலி போட்டு, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாயால் தூரக் கொண்டுபோய் விட்டோம். சுவரின் அடி காய்ந்திருக்க இதைவிட மலிவான மருந்தில்லை. சுவரோடு ஒட்டியிருந்த பூச்செடிகளைப் பிடுங்கித் தள்ளி நட்டோம். ஒவ்வொரு நாளும் ஊற்றிய தண்ணீர் சுவருக்குள்தான் போயிருந்தது. உவர்க் காற்றைத் தாங்குகிற செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் போகன்வில்லாவும் மதிலோரம் போயின. நாங்கள் செய்த தோட்ட அலங்காரம் அவ்வளவுதான்.

தெருப்பக்கம் மதில், வாவிப்பக்கம் கிடுகு வேலி. வேலியையும் மதிலாக்கலாம் என்று தரகர் சொன்னார். அம்மா வேலியே இருக்கட்டும் என்றார். வாவிக்காற்று அந்தப் பக்கத்தால் வந்துதான் வீடு உலர வேண்டும். தென்னோலையை வாவித் தண்ணீரில் ஊறப்போட்டு இழைத்த கிடுகு வாங்கி, பூவரசங் கதியால்களில் புதிதாகக் கட்டினோம். அடைத்து முடிந்த அன்று அந்தப் பச்சை ஓலை மணம் வளவு முழுவதும் நின்றது.

கேற்றுத் தூணில் இருந்த சன்னக் குழிகளுக்கு வந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சுவரின் உப்பை மறைக்கக் கூடாது என்றோம். இதை மட்டும் மூடலாமா? எங்கள் குடும்பம் கண்ட காலத்தின் அடையாளம் அது. அந்தத் தூணுக்குப் பின்னால் அம்மா எங்களை அணைத்துக்கொண்டு பதுங்கியிருந்திருக்கிறார். நான் கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை. "அடை மனே" என்று மேசனிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "அது முடிஞ்ச காரியம். வாற புள்ள ஒவ்வொரு நாளும் அதப் பாத்துக்கிட்டா வீட்டுக்குள்ள போகணும்?" என்றார்.

அவர் பிரித்த பிரிவு அதன் பிறகு எனக்கு அளவுகோலாயிற்று. ஆறிய காயத்தை மூடலாம். அதனால் வாங்குபவருக்கு நட்டமில்லை, வருகிற பிள்ளையின் மனதுக்கும் நல்லது. ஆறாததை மூடக் கூடாது. ஈரம், கறையான், ஒழுகும் கூரை, நிறை தாங்காத தூண் இவையெல்லாம் ஆறாதவை. முதலில் இவற்றை ஆற்ற வேண்டும், அல்லது வாயால் சொல்லிவிட வேண்டும். நிறம், பூச்செடி, விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு. தங்கச்சியின் பட்டியலில் இருந்த வேலைகள் எதுவும் தவறில்லை. அவை வரிசையில் கடைசியில் வர வேண்டியவை.

ஆனி முடிகிறபோது மேசன் சுவரில் கை வைத்து, இனிப் பூசலாம் என்றார். சுண்ணாம்பு மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த மூட்டைகள். முன்பு கல்குடாப் பக்கத்துக் கடலில் பவளப்பாறை உடைத்துச் சுட்ட சுண்ணாம்புதான் எங்கள் வீடுகளுக்கெல்லாம் வரும். பவளப்பாறை எடுப்பதைச் சட்டம் தடுத்ததற்கு நியாயம் உண்டு. பாறை போனால் கரையும் போகும். மேசன் அந்த மூட்டைச் சுண்ணாம்பைக் குழி வெட்டி நீற்றி, பல நாள் ஊறவிட்டு, அரித்த மண்ணோடு குழைத்துப் பூசினார். பூச்சு இறுகியபின் வெள்ளை. நீற்றிய சுண்ணாம்பை வடித்து, கொஞ்சம் வச்சிரப் பசை சேர்த்து, பால்போலத் தண்ணீராக்கி, சுவரை முதலில் நனைத்து, வெயில் சாய்ந்தபின் அடித்தார். அடிக்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஈரச் சுவர்தான் தெரியும். காய்ந்து வரும்போதுதான் வெள்ளை எழும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கிச் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகிறது என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். மூன்று பூச்சு முடிந்து, பின்னேர வெயிலில் அந்தச் சுவர் நின்றபோது, நான் படிப்பித்த பாடத்தைக் கண்முன்னே பார்த்தேன்.

கடைசியாக, அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் ஒரு ட்ரக்ரர் வெள்ளை மணல் எடுத்து முற்றத்தில் பரப்பினோம். முன்கதவையும் சன்னல்களையும் தேய்த்து எண்ணெய் போட்டோம். அடுத்த நாள் காலையே தெருவில் இரண்டு பெண்கள் நின்று, "ஆருக்குப் புள்ள கலியாணம்?" என்று என்னிடம் கேட்டார்கள். அம்மா உள்ளேயிருந்து, "வாற புள்ளைக்கு" என்று பதில் சொன்னார்.

வந்தவர்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக் குடும்பம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் அவர்கள் வாவியைப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும், அல்லது வெகுதூரம் சுற்றி வர வேண்டும். பாலம் வந்தபின் எழுவான்கரையில் மகளைக் குடியிருத்தினாலும் வயலிலிருந்து நினைத்தபோது வந்து பார்த்துப் போகலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது. மகளுக்கு நகரத்தில் உத்தியோகம், கலியாணமும் பேசியாயிற்று. தகப்பன் கடப்படியில் நின்று கூரையைப் பார்த்தார். தாயும் பெரியம்மாவும் நிற்கவில்லை, நேரே சுவரடிக்குப் போனார்கள். பெரியம்மா விரல்முட்டியால் அடியிலிருந்து மேல்வரை தட்டிப் பார்த்தார். பிறகு கிணற்றடி. வாளியில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார்.

"சுனாமித் தண்ணி இஞ்ச வந்ததா?" என்று தாய் கேட்டார். தரகர் என்னைப் பார்த்தார். கல்லடியில் அந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. அயலிலுள்ள நாவலடியும் டச்பாரும் இழந்த உயிர்களை ஊர் மறக்கவில்லை. கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் இன்றும் சாய்ந்தபடி நிற்கிறது. அம்மா பொல்லை ஊன்றி எழுந்து சுவரடிக்குப் போனார். புதிய வெள்ளையின்மேல் முழங்கால் உயரத்தில் கையை வைத்து, "இந்தளவுக்கு வந்து நிண்டது" என்றார். கிணறு உவர்த்துப்போனதையும், இறைத்து, அடுத்தடுத்த மாரிகளில் மழைநீர் இறங்கி நன்னீர் திரும்பியதையும் சொன்னார். சுவர் உப்பெடுத்ததையும், சீமெந்தை உடைத்ததையும், இத்தனை மாதம் காயவிட்டதையும் சொன்னார். வருடாவருடம் வைகாசிக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும், அடியில் ஒருபோதும் சீமெந்து பூசக் கூடாது, பெயின்ற் அடிக்கக் கூடாது என்று அவர்களுக்கே கட்டளையும் போட்டார்.

தாய் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க இரிங்கம்மா. ஏன் நிண்டுகிட்டு?" என்று அம்மாவைப் பிடித்துக் குந்தில் இருத்தினார். விலைப் பேச்சு தொடங்கியபோது தகப்பன் காணிக் கணக்கோடு வீட்டுக்கும் ஒரு கணக்குப் போட்டார். பழைய வீடென்று தள்ளவில்லை. செலவழித்த காசு முழுவதும் திரும்பி வந்ததா என்றால், வரவில்லை. தங்கச்சிக்குத் தேவைப்பட்டது கிடைத்தது.

காணி உறுதிகளில் நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. தோம்பு பார்த்து, முத்திரை வரியாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் அவர்கள் கட்டி, உறுதி முடிந்தது. உறுதி மகளின் பெயரில் எழுதப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை நொத்தாரிசு வாசித்தபோது அம்மாவின் முகத்தில் நான் தேடிய துயரம் இருக்கவில்லை. வீட்டுத் திறப்போடு மேசனின் தொலைபேசி இலக்கத்தையும், குழியில் மிஞ்சியிருந்த நீற்றிய சுண்ணாம்பையும் கொடுத்தோம்.

இன்று அவர்கள் எனக்கு அயல்வீட்டார். வைகாசி வருமுன் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். மாரி முடிந்து பார்த்தால் அடியில் அங்கங்கே கொஞ்சம் உப்புப் பூத்திருக்கும். தட்டிவிட்டு அடித்தால் சரியாகிவிடும். வாவிக்கரையில் வீட்டோடு வாழ்வதென்றால் இந்த வேலை கூடவே வரும். வேலியோரம் பேசும்போது அந்தச் சுவரைப்பற்றி எங்களுக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து சில வாரங்களில் ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இப்போது நிறைய. என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடமும் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது இதுதான். வாங்க வருகிறவர் தன் மகளைக் கொண்டுவந்து இருத்தப் போகும் வீடு இது. மாரி முடிந்தவுடன் சுவரைத் திறந்துவிடுங்கள், கூரைத் தண்ணீரைச் சுவரடியிலிருந்து விலக்குங்கள், காயும்வரை பொறுத்திருங்கள், வெள்ளையைக் கடைசியில் அடியுங்கள். அடித்த வெள்ளையின்மேல் கை வைத்து, இந்தச் சுவருக்கு இன்னின்னது நடந்தது என்று வாங்குபவரின் தாயிடம் சொல்ல உங்களால் முடியுமானால், வீடு விற்கத் தயாராகிவிட்டது.